வாசலைத் தாண்டிய பெண்கள்: பலஸ்தீன நகரங்கள் சொல்லும் செய்தி

(நமது அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில் சகோதரி ஒருவர் ஆற்றிய உரை. கூட்டத்திற்கு வர இயலாதவர்களுக்காக இங்கே எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



புகழ் அனைத்தும் அகிலங்களின் இறைவனாகிய அல்லாஹ்வுக்கே உரியது. அவனுடைய தூதர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய ஜமாஅத் பெரியோர்களே, அறக்கட்டளை நிர்வாகிகளே, தாய்மார்களே, சகோதர சகோதரிகளே!

பலஸ்தீனத்துக்காக துஆ கேட்காத ஜும்ஆ நம் பள்ளிவாசலில் இல்லை. இஃப்தார் நேரத்தில் கையேந்தும்போது தன் பிள்ளைகளின் பெயரைச் சொல்வதற்கு முன்பே காஸாவின் பிள்ளைகளை நினைக்கிற உம்மாமார் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். அல்லாஹ் அந்த துஆக்களைக் கபூலாக்குவானாக.

ஆனால் பலஸ்தீனப் பெண் என்று சொன்னதும் நம் கண்முன் வருவது என்ன? வெள்ளைத் துணியில் சுற்றிய பிள்ளையை மடியில் போட்டு அழுகிற ஒரு தாய். அந்தக் காட்சி பொய்யில்லை. நாள்தோறும் பார்க்கிறோம். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் அந்தப் பெண்களைப் பற்றிப் பாதிதான் தெரிந்துகொண்டோம் என்று அர்த்தம். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் அமைத்தவரும் அங்கே உண்டு. தையல் கூடம் நடத்தியவரும், ஷரீஅத் நீதிமன்றத்தில் காஜியாக அமர்ந்தவரும், எங்கள் ஊருக்குப் பேருந்து விடுங்கள் என்று மனு கொடுத்தவரும் உண்டு. இன்று அவர்களைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

‘பெண்ணியம்’ என்ற சொல்லைக் கேட்டாலே நம்மில் சிலருக்கு முகம் மாறிவிடுகிறது. அது மேற்கிலிருந்து வந்தது, குடும்பத்தைக் கலைக்க வந்தது என்று எண்ணுகிறோம். அந்தச் சொல்லுக்காக நான் வாதாட வரவில்லை. பலஸ்தீனத்தில் அந்தப் பெயரைத் தமக்கு வைத்துக்கொண்டவர்களும் உண்டு. அந்தப் பெயரைப் பற்றிக் கவலைப்படாமல் பெண்களின் நிலை உயர உழைத்தவர்களும் உண்டு. பெயரை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அவர்கள் செய்த வேலையைப் பார்ப்போம்.

கார்களில் போன ஊர்வலம்

1917இல் பிரிட்டிஷ் அரசு பால்ஃபோர் பிரகடனத்தை வெளியிட்டது. யூதர்களுக்குப் பலஸ்தீனத்தில் ஒரு தாயகம் அமைய உதவுவோம் என்பது அதன் சாரம். முதல் உலகப் போர் முடிந்தபின் அந்த நாட்டை ஆள வந்ததும் அதே பிரிட்டன்தான். 1929 ஆகஸ்டில், மஸ்ஜிதுல் அக்ஸாவை ஒட்டிய புராக் சுவர் தொடர்பாக எழுந்த தகராறு பெரும் கலவரமானது. இரு தரப்பிலும் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். அரபு ஆண்கள் கூட்டம் கூட்டமாகக் கைது செய்யப்பட்டார்கள்.

அந்த ஆண்டு அக்டோபர் 26ஆம் தேதி, நாட்டின் பல ஊர்களிலிருந்து 200க்கும் மேற்பட்ட பெண்கள் ஜெரூசலத்துக்கு வந்தார்கள். நாம் பைத்துல் முகத்தஸ் என்று சொல்கிற அதே நகரம்தான். தரப் அப்துல் ஹாதி என்ற அம்மையாரின் வீட்டில் கூடி, பலஸ்தீன அரபுப் பெண்களின் முதல் மாநாட்டை நடத்தினார்கள். தீர்மானங்களை எழுதி, அவர்களில் ஒரு குழு பிரிட்டிஷ் உயர் ஆணையர் ஜான் சான்சலரை நேரில் சந்தித்துக் கொடுத்தது. அதன்பின் நகரத்தில் ஊர்வலம். பெண்கள் தெருவில் நடந்து போவதை அரசு விரும்பவில்லை. சரி, நடக்க வேண்டாம் என்றால் கார்களில் போகிறோம் என்று புறப்பட்டார்கள். கார்கள் வரிசையாக ஜெரூசலத் தெருக்களில் சென்றன.

அந்தப் பெண்களில் பெரும்பாலோர் வசதியான நகரத்துக் குடும்பத்தார். கார் வைத்திருந்தவர்கள். அதனால் அவர்களைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. தங்களுக்கு இருந்த வசதியை வீட்டுக்குள் பூட்டி வைக்காமல், சிறையில் கிடந்தவர்களுக்காகத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள் அல்லவா!

நான்கு ஆண்டுகள் கழித்து, 1933 ஏப்ரலில், அந்த நகரை 1917இல் கைப்பற்றிய பிரிட்டிஷ் தளபதி ஆலன்பி மீண்டும் அங்கே வந்தார். பெண்கள் மறுபடியும் திரண்டார்கள். அன்று நடந்ததைக் கவனியுங்கள். முஸ்லிமான தரப் அப்துல் ஹாதி, கிறிஸ்தவர்களின் புனிதக் கல்லறைத் தேவாலயத்தில் நின்று உரையாற்றினார். கிறிஸ்தவரான மத்தீல் முகன்னம் அம்மையார், உமர் பள்ளிவாசல் முன் நின்று உரையாற்றினார். இந்த நாடு எங்கள் இருவருக்கும் சொந்தம் என்பதை அதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்ல முடியும்?

தெருவில் நின்ற 55 பிள்ளைகள்

1948 ஏப்ரல் 9ஆம் தேதி ஜெரூசலத்துக்கு அருகிலுள்ள தைர் யாசீன் என்ற கிராமத்தில் படுகொலை நடந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். உயிர் பிழைத்த பிள்ளைகள் சிலர் ஜெரூசலம் பழைய நகரத்துக்குக் கொண்டுவந்து விடப்பட்டார்கள். பெற்றோர் இல்லை, போக்கிடம் இல்லை.

அந்த வழியாக வந்தவர் ஹிந்த் அல்ஹுஸைனி. 1916இல் பிறந்தவர். நகரத்தின் புகழ்பெற்ற குடும்பத்துப் பெண். ஏற்கெனவே பெண்களுக்கான சேவைச் சங்கம் ஒன்றில் பணியாற்றி வந்தவர். தெருவில் நின்ற 55 பிள்ளைகளைக் கண்டார். வெளியே போர் நடந்துகொண்டிருந்தது. முதலில் அவர்களுக்குத் தங்க இடம் தேடிக் கொடுத்தார். பிறகு தம் பாட்டனாரின் பெரிய வீட்டையே அவர்களுக்காகத் திறந்துவிட்டார். ‘தாருத் திஃப்ல் அல்அரபி’, அதாவது அரபுக் குழந்தைகள் இல்லம், அப்படித்தான் பிறந்தது.

அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1994இல் மரணிக்கும் வரை அந்தப் பிள்ளைகளோடும், அவர்களுக்குப் பின்னால் வந்த ஆயிரக்கணக்கான பிள்ளைகளோடும் வாழ்ந்தார். இல்லம் பள்ளிக்கூடமாக வளர்ந்தது. பிறகு பெண்களுக்கான கல்லூரியும் வந்தது. அநாதையை ஆதரிப்பவர் சொர்க்கத்தில் தமக்கு எவ்வளவு நெருக்கமாக இருப்பார் என்பதை நாயகம் (ஸல்) அவர்கள் இரு விரல்களைச் சேர்த்துக் காட்டிச் சொன்னது நம் எல்லோருக்கும் தெரியும். அந்த ஹதீஸைத் தம் முழு வாழ்நாளாலும் நிறைவேற்றியவர் அவர்.

இதில் இன்னொன்றையும் பாருங்கள். அநாதைக்குச் சோறு போடுவதோடு அவர் நிற்கவில்லை. பெண் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். நாடு போயிற்று, வீடு போயிற்று, அகதிக்குக் கையில் மிஞ்சுவது படிப்பு ஒன்றுதான் என்று அவர் கண்டிருந்தார்.

கார் நிறுத்தும் கொட்டகையில் ஒரு சங்கம்

அடுத்து ரமல்லாவுக்குப் போவோம். ரமல்லாவும் அல்பீராவும் ஒட்டிக்கிடக்கும் இரட்டை நகரங்கள். எது எங்கே முடிகிறது என்று புதிதாக வந்தவருக்குத் தெரியாது. அந்த அல்பீராவில் 1965இல் ‘இன்ஆஷுல் உஸ்ரா’ என்ற சங்கத்தைத் தொடங்கினார் சமீஹா கலீல். குடும்பங்களுக்குப் புத்துயிர் ஊட்டுவது என்பது அந்தப் பெயரின் பொருள். மக்கள் அவரை உம்மு கலீல் என்றுதான் அழைத்தார்கள்.

17 வயதில் திருமணமாகி, படிப்பை இடையில் விட்டவர் அவர். பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, நடுவயதில் மறுபடியும் புத்தகத்தை எடுத்துப் பள்ளி இறுதித் தேர்வு எழுதினார். இங்கே அமர்ந்திருக்கிற எத்தனையோ தாய்மார்களுக்கு எட்டாம் வகுப்போடு, பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றிருக்கும். இனி என்ன படிப்பு என்று நினைப்பவர்கள் உம்மு கலீலை நினைத்துக்கொள்ளுங்கள்.

சங்கம் ஒரு கார் நிறுத்தும் கொட்டகையில்தான் தொடங்கியது. 1967 போருக்குப் பின் மேற்குக் கரை இஸ்ரேலின் இராணுவ ஆட்சியின் கீழ் வந்தது. கணவன் சிறையில், மகன் நாடு கடத்தலில், நிலம் பறிபோன நிலையில் பெண்கள் அந்தச் சங்கத்தைத் தேடி வந்தார்கள். உம்மு கலீல் அவர்களுக்கு இலவசப் பணம் கொடுப்பதைவிட வேலை கொடுப்பதையே விரும்பினார். தையல், சமையல், உணவுப் பொருள் தயாரிப்பு, எல்லாவற்றுக்கும் மேலாகப் பூவேலை.

பலஸ்தீனக் கிராமத்துப் பெண்ணின் நீண்ட அங்கியில் சிவப்பு நூலால் நெருக்கமாகப் போடும் பூவேலையைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். ‘தத்ரீஸ்’ என்பார்கள். ஊருக்கு ஊர் வடிவம் மாறும். அங்கியைப் பார்த்தே எந்த ஊர்ப் பெண் என்று சொல்லிவிடுவார்கள். 1948இல் அந்தக் கிராமங்களில் நூற்றுக்கணக்கானவை அழிக்கப்பட்டன. ஊர் இல்லாமல் போனபின்னும் ஊரின் வடிவம் பெண்களின் விரல்களில் இருந்தது. அதை வீட்டில் உட்கார்ந்தே தைத்துக் கொடுத்துக் கூலி வாங்கும் வழியை உம்மு கலீலின் சங்கம் ஏற்படுத்தியது. 2021இல் யுனெஸ்கோ அந்தக் கலையை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் அதற்கு நெடுங்காலம் முன்பே அந்தக் கலை பல வீடுகளில் அடுப்பு எரிய வைத்தது.

இந்த வேலையை ஆக்கிரமிப்பு அரசு சும்மா விடவில்லை. அவரைப் பலமுறை கைது செய்தார்கள். ஊரைவிட்டு வெளியே போகக்கூடாது என்று தடை போட்டார்கள். 1988இல் சங்கத்தையே இழுத்து மூடினார்கள். ஊசியும் நூலும் வைத்திருந்த பெண்களைக் கண்டு துப்பாக்கி வைத்திருந்தவர்கள் ஏன் அஞ்சினார்கள்? சொந்தக் காலில் நிற்கும் குடும்பத்தை விரட்டுவது கடினம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

1996 ஜனவரியில் பலஸ்தீன அதிகார சபைக்குத் தேர்தல் வந்தபோது, யாசிர் அரஃபாத்தை எதிர்த்துத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டவர் ஒரே ஒருவர்தான். அவர் உம்மு கலீல். அரஃபாத் பெரும் வித்தியாசத்தில் வென்றார். ஆனாலும் 70 வயதைத் தாண்டிய ஒரு பெண், நாடே போற்றிய தலைவரின் எதிரில் நின்று, மாற்றுக் கருத்துக்கும் இங்கே இடம் உண்டு என்று காட்டினார். 1999இல் அவர் காலமானார்.

பள்ளிக்கூடம் வீட்டுக்குள் வந்தது

1987 டிசம்பரில் முதல் இன்திஃபாதா தொடங்கியது. அடுத்த ஆண்டு மேற்குக் கரையில் பள்ளிக்கூடங்களையும் பல்கலைக்கழகங்களையும் இராணுவம் மூடியது. மாதக்கணக்கில் பிள்ளைகளுக்குப் படிப்பில்லை. ஊரடங்கு வேறு.

அப்போது நகரங்களில் பெண்கள் கமிட்டிகள் பொறுப்பை எடுத்துக்கொண்டன. தெருவுக்குத் தெரு வீடுகளிலும் பள்ளிவாசல்களிலும் தேவாலயங்களிலும் பாடம் நடந்தது. ஆசிரியைகள் மட்டுமல்லாமல், பள்ளி முடித்த அக்காமார்களும் தங்கை தம்பிகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இஸ்ரேலியப் பொருள்களை வாங்காமல் இருக்க, வீட்டுப் பின்புறத்தில் காய்கறி போட்டார்கள், கோழி வளர்த்தார்கள். ரொட்டியும் ஊறுகாயும் கூட்டாகத் தயாரித்து விற்றார்கள். இந்தக் கமிட்டிகள் சட்டவிரோதம் என்று 1988 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதே குற்றமான காலம் அது.

இவ்வளவும் செய்த பெண்களுக்கு என்ன கிடைத்தது? 1993இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. நிர்வாகம் வந்தது, பதவிகள் வந்தன. 1996 தேர்தலில் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட 88 பேரில் பெண்கள் ஐந்து பேர். போராட்டத்தில் பாதிச் சுமையைச் சுமந்தவர்களுக்குப் பங்கீட்டில் கிடைத்தது அவ்வளவுதான். முதலில் நாடு விடுதலையாகட்டும், உங்கள் காரியத்தைப் பிறகு பார்க்கலாம் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. இந்தப் ‘பிறகு’ என்ற வார்த்தையை உலகத்துப் பெண்கள் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள்.

காஜியின் இருக்கையில்

பலஸ்தீனத்தில் திருமணம், தலாக், நஃபகா என்கிற ஜீவனாம்சம், வாரிசுப் பங்கு இவையெல்லாம் முஸ்லிம்களுக்கு ஷரீஅத் நீதிமன்றத்தில்தான் தீர்க்கப்படுகின்றன. வழக்கோடு வருபவர்களில் எத்தனையோ பேர் பெண்கள். ஆனால் 2009 வரை கேட்டுத் தீர்ப்புச் சொன்னவர்கள் எல்லோரும் ஆண்களாகவே இருந்தார்கள்.

ஏழைப் பெண்களுக்காக வழக்காடி வந்த குலூத் அல்ஃபகீஹ் என்ற வழக்கறிஞர், நான் ஏன் காஜியாகக் கூடாது என்று கேட்டார். அப்போதைய தலைமைக் காஜி ஷைகு தைஸீர் அத்தமீமியிடம் போய் இதைச் சொன்னபோது அவர் முதலில் சிரித்துவிட்டார். குலூத் கோபித்துக்கொண்டு திரும்பவில்லை. கிதாபுகளை எடுத்துப் படித்தார். அங்குள்ள நீதிமன்றங்களில் பின்பற்றப்படுவது ஹனஃபி மத்ஹப். ஹுதூது, கிஸாஸ் போன்ற குற்ற வழக்குகள் தவிர மற்றவற்றில் பெண் தீர்ப்பளிக்கலாம் என்ற கருத்து ஹனஃபி ஃபிக்ஹில் இருக்கிறது. ஷாஃபிஈ மத்ஹபில் கருத்து வேறு. அதை ஆலிம்கள் அறிவார்கள். குலூத் தம் நாட்டு மத்ஹபிலேயே ஆதாரம் காட்டினார். தேர்வு எழுதித் தேறினார். ஷைகும் ஆதாரத்தை ஏற்றார். 2009இல் குலூதும் இன்னொரு சகோதரியும் காஜிகளாக நியமிக்கப்பட்டார்கள். அரபு நாடுகளின் ஷரீஅத் நீதிமன்றங்களில் அது புதிய அத்தியாயம்.

இதில் எனக்குப் பிடித்தது இரண்டு. அந்தப் பெண் மார்க்கத்தை விட்டு வெளியே போய் நியாயம் கேட்கவில்லை, மார்க்கத்துக்குள்ளேயே தேடி எடுத்தார். அந்தப் பெரியவரோ, சிரித்த பிறகும் செவிகொடுத்தார்.

நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்துவிட்டால் மட்டும் போதுமா? மாதம் இவ்வளவு நஃபகா கொடு என்று காஜி சொல்லிவிடுவார். கணவன் கொடுக்க வேண்டுமே! ஊரைவிட்டே போய்விட்டால்? கையில் ஒன்றுமில்லை என்று விரித்தால்? தீர்ப்புக் காகிதத்தைப் பிள்ளைக்குச் சமைத்துப் போட முடியாது. பெண்கள் அமைப்புகளும் இந்தக் குறையைத் தொடர்ந்து எடுத்துச் சொல்லி வந்தன. 2005இல் பலஸ்தீனத்தில் நஃபகா நிதிக்கென ஒரு சட்டம் வந்தது. நீதிமன்றம் விதித்த தொகையைக் கணவனிடம் வசூலிக்க முடியாவிட்டால், அந்த நிதி மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிடும். பிறகு கணவனிடமிருந்து அதைக் கடனாக வசூலிக்கும். அவன் பொறுப்பு போய்விடவில்லை, பிள்ளையும் பட்டினி கிடக்கவில்லை. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள். கடைசியில் இதைப் பற்றி ஒரு வேண்டுகோள் வைக்கப்போகிறேன்.

பேருந்தும் தெருவும்

நகரத்தில் வாழ்வது என்றால் நடமாட்டம்தான். வேலைக்கு, ஆஸ்பத்திரிக்கு, கல்லூரிக்கு, தாய் வீட்டுக்குப் போய் வர வேண்டும். ரமல்லாவிலிருந்து ஜெரூசலத்துக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர்தான். ஆனால் நடுவில் கலந்தியா சோதனைச் சாவடி நிற்கிறது. அனுமதிச் சீட்டு இல்லாதவருக்கு அந்த 15 கிலோமீட்டர் முடிவில்லாத தூரம். இரண்டாம் இன்திஃபாதா ஆண்டுகளில் சாவடிகளில் தடுத்து நிறுத்தப்பட்டு அங்கேயே பிரசவித்த பெண்கள் 60க்கும் மேல் என்று ஐ.நா. பதிவு செய்திருக்கிறது. பிறந்த குழந்தைகளில் பல பிழைக்கவில்லை. இது ஆக்கிரமிப்பு போடுகிற தடை.

இன்னொரு வகைத் தடையும் உண்டு. இஸ்ரேல் எல்லைக்குள் குடிமக்களாக வாழும் பலஸ்தீனர்களின் ஊர்கள் பலவற்றில் பொதுப் பேருந்து இல்லாமலும் போதாமலும் இருந்தது. கார் இருக்கும் வீட்டிலும் கார் ஆணின் கையில். வேலைக்குப் போக விரும்பும் பெண், அண்ணனோ கணவனோ ஓய்வாக இருக்கும் நேரத்தை எதிர்பார்த்திருக்க வேண்டும். ஹைஃபா நகரத்தில் 1998இல் தொடங்கப்பட்ட ‘கயான்’ என்ற பலஸ்தீனப் பெண்கள் அமைப்பு இதைக் கையில் எடுத்தது. கலிலேயாவின் மகார் என்ற ஊரில் பெண்கள் ஒன்றுகூடினார்கள். எங்களுக்குப் பேருந்து வேண்டும் என்று கேட்டார்கள். பேருந்து வந்தது. கேட்டால் சின்ன விஷயம். ஆனால் அந்தப் பேருந்தில் ஏறித்தான் ஒரு பெண் கல்லூரிக்குப் போவாள், இன்னொருத்தி சம்பளம் வாங்குவாள், வயதான உம்மா யாரையும் கெஞ்சாமல் வைத்தியரிடம் போய் வருவார்.

மூன்றாவது தடை வீட்டுக்குள் இருப்பது. இதைச் சொல்வதற்கு மனம் கனக்கிறது. 2019 ஆகஸ்டில் பெத்லஹேம் பகுதியில் 21 வயதுப் பெண் ஒருவர் இறந்தார். மாடியிலிருந்து விழுந்தாள் என்றார்கள், ஜின் பிடித்திருந்தது என்றார்கள் குடும்பத்தார். விசாரணை நடந்தது. அடித்ததால் ஏற்பட்ட காயங்களே மரணத்துக்குக் காரணம் என்று அரசுத் தலைமை வழக்கறிஞர் அறிவித்தார். உறவினர் மூவர் மீது வழக்குத் தொடரப்பட்டது.

அடுத்த மாதம், செப்டம்பர் 26ஆம் தேதி, பலஸ்தீனப் பெண்கள் ஒரே நாளில் பல நகரங்களில் தெருவுக்கு வந்தார்கள். ‘தால்ஆத்’ என்று அந்த இயக்கத்துக்குப் பெயர். வெளியே வருகிற பெண்கள் என்று பொருள். ஹைஃபா, ரமல்லா, ஜெரூசலம், நாஸரேத், காஸாவின் ரஃபா, லெபனானின் பெய்ரூத் என்று பல ஊர்களில் நின்றார்கள். சுவராலும் எல்லையாலும் பிரிக்கப்பட்ட மக்களை ஒரே நாளில் ஒரே குரலில் பேச வைத்தார்கள். பெண்களுக்கு விடுதலை இல்லாமல் தாய்நாட்டுக்கு விடுதலை இல்லை என்பதுதான் அந்தக் குரல். ‘பிறகு பார்க்கலாம்’ என்ற பழைய சொல்லுக்கு அவர்கள் அளித்த பதில் அது.

மானத்தின் பெயரால் பெண்ணைக் கொல்வதற்கு நம் மார்க்கத்தில் இடமே இல்லை. பத்தினிப் பெண் மீது பழி சுமத்துபவன் நான்கு சாட்சிகளைக் கொண்டுவராவிட்டால் அவனுக்கே கசையடி என்று விதித்த மார்க்கம் இது. ஊர் வாய்க்குப் பயந்து பிள்ளையை அடிப்பவன் ஜாஹிலிய்யாக் காலத்து வழக்கத்தைப் பின்பற்றுகிறான்.

இன்று காஸாவில்

2023 அக்டோபருக்குப் பின் காஸாவில் நடந்ததை நான் விவரிக்க வேண்டியதில்லை. பல்கலைக்கழகங்கள் இடிந்தன, ஆஸ்பத்திரிகள் தகர்ந்தன, ஒரு நகரமே கூடாரத்துக்குள் வந்தது. அந்தக் கூடாரங்களுக்கு நடுவிலும் ஆசிரியைகள் பாயை விரித்துப் பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். களிமண்ணால் அடுப்புக் கட்டி, கிடைத்த மாவில் ரொட்டி சுட்டுப் பக்கத்துக் கூடாரத்துக்கும் கொடுத்தார்கள். 1948இல் ஹிந்த் அல்ஹுஸைனி செய்ததையும், 1988இல் கமிட்டிப் பெண்கள் செய்ததையும்தான் இவர்களும் செய்கிறார்கள். ஒரு தலைமுறை மற்றொரு தலைமுறைக்குக் கொடுத்த பாடம் அது.

நமக்கு என்ன?

சகோதரர்களே, அங்கே ஒரு பெண் சாவடியில் சிப்பாயின் எதிரில் நிமிர்ந்து நிற்கும் படம் வந்தால், மாஷா அல்லாஹ், சிங்கம் என்று எல்லோருக்கும் அனுப்புகிறோம். நம் வீட்டுப் பெண் கல்லூரிக்குப் பேருந்தில் போகிறேன் என்றால் மூன்று நாள் பேச்சுவார்த்தை நடத்துகிறோம். உம்மு கலீலின் துணிச்சலைப் புகழ்கிறோம். நம் ஜமாஅத் அலுவலகத்தில் ஒரு பெண் தன் கணவனைப் பற்றி முறையிட வந்தால், முதலில் வாப்பாவை வரச்சொல் என்கிறோம். இரண்டும் பொருந்துகின்றனவா என்று நெஞ்சில் கைவைத்துப் பாருங்கள்.

கவ்லா பின்த் ஸஃலபா (ரலி) அவர்களை நினைத்துப் பாருங்கள். கணவர் செய்த அநீதியைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்களிடம் நேரில் வந்து முறையிட்டவர். அந்தப் பெண்ணின் முறையீட்டை அல்லாஹ் செவியுற்றதைச் சொல்லித்தான் குர்ஆனின் 58ஆவது அத்தியாயம் தொடங்குகிறது. அல்முஜாதலா என்பது அந்த அத்தியாயத்தின் பெயர். பின்னாளில் கலீஃபா உமர் (ரலி) அவர்களை வழியில் நிறுத்தி அதே கவ்லா புத்தி சொன்னதாகவும், உமர் தலைகுனிந்து கேட்டு நின்றதாகவும் அறிவிப்புகள் உண்டு. அல்லாஹ் கேட்ட குரலை நாம் கேட்க மாட்டோமா?

அதனால் அறக்கட்டளை நிர்வாகிகளிடம் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன்.

முதலாவது, கணவன் நஃபகா கொடுக்காமல் விட்டுப்போன பெண்களுக்காக நம்மிடம் சிறிய அளவில் ஒரு நிதி வேண்டும். பிள்ளைகளின் மூன்று மாதச் சாப்பாட்டுக்கு அது தாங்கட்டும். கணவனிடமிருந்து வசூலிக்க ஜமாஅத் துணை நிற்கட்டும். ஜகாத்தில் எவ்வளவு சேர்க்கலாம், ஸதகாவிலிருந்து எவ்வளவு என்பதை ஆலிம்கள் வழிகாட்டட்டும்.

இரண்டாவது, பெண்களின் முறையீட்டைக் கேட்க மாதத்தில் ஒரு நாளை ஒதுக்குங்கள். கேட்கிறவர்களில் மார்க்கமும் சட்டமும் அறிந்த இரண்டு பெண்களாவது இருக்கட்டும்.

மூன்றாவது, தையல் இயந்திரம் கொடுக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். தைத்ததை விற்கும் வழியையும் சேர்த்துக் கொடுங்கள். விட்ட படிப்பைத் தொடர விரும்பும் தாய்மார்களுக்கு மாலை வகுப்பு ஒன்று நடத்துங்கள்.

பலஸ்தீனப் பெண்களுக்கு நாம் அனுப்பும் துஆவும் உதவியும் தொடரட்டும். அவர்கள் நமக்குக் கற்றுத்தந்ததை நம் ஊரில் செய்வதும் அவர்களுக்குச் செய்யும் மரியாதைதான்.

யா அல்லாஹ்! பலஸ்தீனத்து மக்களின் துயரத்தை நீக்குவாயாக. அவர்களின் ஷஹீதுகளை ஏற்றுக்கொள்வாயாக. பிரிந்த குடும்பங்களைச் சேர்த்து வைப்பாயாக. அங்கே உழைக்கும் தாய்மார்களுக்கும் சகோதரிகளுக்கும் வலிமை தருவாயாக. எங்கள் வீடுகளில் நீதியையும் இரக்கத்தையும் நிலைநாட்டுவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.